ஓரத்து அறையை இடித்த கோடை

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருடம் அது. புயல் வந்தது மார்கழியில். நான் சொல்லப்போவது அதே வருடத்துக் கோடையில், திண்டுக்கல்லில், எங்கள் மாடி வீட்டில் தொடங்கியது.

கீழே அப்பாவின் வெங்காய மண்டி, மேலே நாங்கள். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண், அப்புறம் நான். மதுரையில் விடுதியில் தங்கிக் கட்டடப் படம் வரையும் படிப்பை முடித்துவிட்டு, ஊரிலேயே ஒரு அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மசியால் நகல் எடுக்கிற வேலை. நானாக ஒரு கோடு போட அங்கே அனுமதி கிடையாது. அதனாலேயே சொந்தமாக ஒரு படம் போடக் கை துடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் மாடியை ஐம்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு புகையிலை வியாபாரி தன் அலுவலகத்துக்காகக் கட்டியிருந்தார். அப்பா அதை வாங்கியபோது நடுவில் ஒரு நீண்ட இருட்டு நடை, இரண்டு பக்கமும் மும்மூன்று அறைகள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுத அது போதும், குடும்பம் நடத்தப் போதாது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். மழைக்காலத்தில் சுவரிலிருந்து புகையிலை வாசம் கிளம்பும். கீழேயிருந்து வெங்காய வாசம் ஏறி வரும். இரண்டும் நடையில் சந்தித்துக்கொள்ளும். அந்த வாசம் இப்போது எங்காவது கிடைத்தால் நின்று மூச்சிழுப்பேன். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன்.

படித்துவிட்டு வந்த கண்ணோடு பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவை தூண்களும் உத்தரங்களும்தான். நடுவில் இருந்த சுவர்கள் எல்லாம் நாலரை அங்குலத் தடுப்புகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நாற்பது அடிக்கு இருபத்திரண்டு அடியில் ஒரே கூடம். மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும், வெளிச்சம் அடுப்படி வரைக்கும் போகும். தடுப்பு வேண்டுமென்கிறபோது மடக்குக் கதவை இழுத்துக்கொள்ளலாம். வேண்டாதபோது தள்ளிவிடலாம்.

நோட்டில் வீட்டின் குறைகளை வரிசையாக எழுதினேன். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பதிமூன்று வந்தது. பதினான்காவது ஒன்று இருந்தது, அதை எழுதவில்லை. அதுதான் ஓரத்து அறை.

பின்பக்க மாடிப்படியை ஒட்டி, ஏழடிக்கு ஐந்தடியில் ஒரு பொந்து. புகையிலை அலுவலகம் பழைய காகிதங்களைப் போட்டு வைத்த இடம். தலைக்கு மேல் ஒரு சின்ன ஜன்னல். மாதத்தில் அந்த மூன்று நாள் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கேதான் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு நான் அதற்குள் உட்கார்ந்துதான் படித்தேன். வேலைக்குப் போன பிறகும் மாறவில்லை. ஆறு ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து படம் எழுதிவிட்டு வருகிறவள், பின்படி வழியாக ஏறி, தண்ணீர்ப் பானையைத் தொடாமல், அந்தப் பொந்துக்குள் நுழைய வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. வழக்கத்தோடு சண்டை போட்டால் அம்மா அழுவாள். சுவரோடு சண்டை போட்டால் யார் அழப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் படத்தைத் தரையில் விரித்தேன். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அண்ணன், "கிரிக்கெட் ஆடலாம் போலருக்கே" என்றான். அம்மா மட்டும் விரலால் தேடிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டி, அந்த மூணு நாளைக்கு எங்கே உக்கார்றது?"

அப்பா இருமிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார். அண்ணனும் பின்னாலேயே போனான்.

"இனிமே எங்கேயும் உக்கார வேண்டாம்மா. சாமி படத்துக்கெல்லாம் கதவு வெச்ச அலமாரி போட்டிருக்கேன் பாரு. கதவைச் சாத்திட்டா சாமி தனி, நாம தனி. மதுரையில யாரு இதெல்லாம் பாக்குறா?"

அம்மா படத்தில் மேற்கு ஜன்னலைத் தொட்டாள். அப்புறம், "வெளிச்சம் நெசமாவே அடுப்படி வரைக்கும் வருமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே எனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது.

மதினியிடமும் கேட்கத்தான் செய்தேன். கேட்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அவர் வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். "உங்களுக்கு என்ன வேணும் மதினி?" என்றேன். "எனக்கென்ன தாயி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு குனிந்து, படத்தில் அந்த மூலையில் விரல் வைத்தார். "இந்த எடத்துல என்ன வருது?"

"பெஞ்சு வருது. உள்ளே சாமான் வெச்சுக்கலாம், மேலே படுத்துக்கலாம்."

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்ட இடத்தைத் துடைக்கப் போனார். 'மதினி, ஆட்சேபணை இல்லை' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கொத்தனார் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஏ பாப்பா, மேத்தளம் விழாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரியா?" என்றார்.

"விழுந்தா நானும் இங்கேதான நிப்பேன்."

"நீ நிப்பே. என் சம்சாரத்துக்குப் பதில் சொல்ல நான் இருக்கணுமில்ல?"

முதல் அடியை ஓரத்து அறையில் அடிக்கச் சொன்னேன். பழைய சுண்ணாம்புக் காரை, அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. செங்கல் செங்கலாக வந்தது. தூசியில் இருமிக்கொண்டே நின்றேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டிய காலம். ஆகவே புதிதாகக் கட்டுவதே இல்லை, எடுப்பது மட்டும்தான் என்று திட்டமிட்டிருந்தேன். பழைய அறைக் கதவுகளையே கீல் வைத்து இணைத்து மடக்குக் கதவாக்கினோம். கடைசிச் சட்டி இடிசல் இறங்கிய அன்று சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, அம்மாவின் அடுப்பு மேல் விழுந்தது. அம்மா அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அப்பா பின்னால் கை கட்டிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நான்கு தடவை நடந்தார். சிவப்புத் தரையில் சுவர்கள் இருந்த இடமெல்லாம் வெளிறிய கோடுகளாகத் தெரிந்தன. என் படமே தரையில் விழுந்து கிடப்பதுபோல் இருந்தது. அண்ணன் மகள் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டிக் குதித்து விளையாடினாள்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்கிறது. காலையில் ஒரே கூடம். மத்தியானம் பாதியை மடக்கினால் படுக்கும் இடம். ராத்திரி மூன்று தடுப்பு. தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முன்பெல்லாம் சாணார்பட்டிப் பக்கமிருந்து வெங்காயம் விளைவித்துக் கொண்டுவருகிற சம்சாரிகளுக்கு மண்டியிலேயே காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவார். மேலே நாலு பேர் உட்கார இடம் ஏது? இப்போது, "மேல வாங்கப்பு, எம் மக போட்ட வீட்டை வந்து பாருங்க" என்று கூட்டி வந்துவிடுவார். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? பதினைந்து பேர் வரிசையாக இலை போட்டு உட்காரலாம். உட்கார்ந்தார்கள். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள்.

ஓரத்து அறை போனதோடு அந்த வழக்கமும் போயிற்று. அம்மா அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இலை போடவில்லை. அடுப்படியில் அம்மா ஒருத்தியாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"உன் மதினியப் போய் என்னான்னு கேளு. பின்படியில போய் உக்காந்துருக்கா. தூரமாம். ஊரே விட்டுப்போட்டதை இவ பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா."

போய்ப் பார்த்தேன். மொட்டை மாடிக்குப் போகிற படியின் திருப்பத்தில், மூன்றடி இடத்தில், பழைய பாயை விரித்து மதினி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழைய தட்டு, பழைய தம்ளர். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ தெரியவில்லை.

"என்ன மதினி இது? அம்புட்டுப் பேர் சாப்பிடாம உக்காந்துருக்காங்க."

"எங்கம்மா வீட்டுல இதை விட மாட்டாக. என்னாலயும் விட முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. என் கட்டடத்தின் மேலேயே அவர் கடப்பாரை போட்ட மாதிரி. உடம்பைப் பற்றி விடுதியில் டாக்டரம்மா சொன்னது, சுத்தம், அசுத்தம், மூடநம்பிக்கை, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டினேன்.  நான் மூச்சு விட நிறுத்தியதும் மதினி மெதுவாகச் சொன்னார்.

"மூடநம்பிக்கைதான். எனக்குத் தெரியாதா? நானும் எட்டாவது படிச்சவதான்." தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "உனக்கு ஞாயித்துக்கெழமை இருக்கு தாயி. மாமாவுக்கு அமாவாசைக்கு மண்டி லீவு. எனக்கு அந்த மூணு நாளுதான் இருந்துச்சு."



"யாரும் கூப்புட மாட்டாக. கூப்புட்டாலும் வரக்கூடாது. மொத நா பூராம் தூங்குவேன். மறுநாளு புஸ்தகம் படிப்பேன். மூணாம் நா எங்கம்மாவுக்குக் கடுதாசி எழுதுவேன். நீ அறையைத்தான் எடுத்தே, ஆனா எனக்கு..." என்றவர் நிறுத்திவிட்டு, "போ, போய் சோத்தை வடி. உங்கம்மாவால அந்தப் பானையைத் தூக்க முடியாது" என்றார்.

போனேன். பதினோரு பேருக்கும் நானும் அம்மாவும் பரிமாறினோம். ரசம் வைத்தது நான். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் கடைசி நான்கு பேருக்கு எட்டவில்லை. ஒரு பெரியவர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏத்தா, உப்பும் நீயே அளந்து போட்டியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபோது மணி நாலு. இடுப்பு நிமிரவில்லை. அடுத்து காப்பிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை எடுத்தேன். அடுப்படிக்கும் சாப்பிடும் இடத்துக்கும் முன்பு இருபத்தாறு அடி, இப்போது பதினான்கு அடி என்று பெருமையாக எழுதியிருந்த பக்கம் கண்ணில் பட்டது. அதன் கீழே மதினி எழுந்திருப்பது முதல் படுப்பது வரை செய்கிற வேலைகளை எழுதிப் பார்த்தேன். பக்கம் போதவில்லை. அந்த வரிசையில் மாதம் முழுவதும் ஒரு நாளும் விடுபடவில்லை. முன்பு மூன்று நாள் விடுபட்டிருந்தது. அதை எடுத்தவள் நான். எனக்கு வேண்டாத அறையை எல்லோருக்கும் வேண்டாத அறை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு மட்டும் என்னவாம்? கல்யாணமான புதுசுல எங்க மாமியா வீட்டுக் கொட்டாய்ல போய்ப் படுத்தேன்னா, மூணு நாளு கழிச்சு எந்திரிக்கவே மனசு வராது. அஞ்சாவது நாளாயிருச்சேன்னு வந்து இழுத்துட்டுப் போவாக" என்றாள். தானே சிரித்தாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத்தான் நின்னு போயி வருசமாச்சே. மறந்தே போனேன்டி."

ஆனால் யோசித்துப் பார்த்தால் சிக்கல் அங்கேதான் இருந்தது. தீட்டு என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சும்மா ஓய்வு என்றால் எந்த மருமகள் கேட்பாள், எந்த மாமியார் கொடுப்பாள்? அந்த அறையைத் திரும்பக் கட்டினால் மறுபடியும் எல்லோரும் அதற்குள் போக வேண்டும், நானும் போக வேண்டும். கட்டாவிட்டால் மதினிக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றியது. என் ஞாயிற்றுக்கிழமை.

ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். இனி ஞாயிற்றுக்கிழமை அடுப்படி என்னுடையது, கூட அம்மா. மதினிக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வாரமும்.

"மருமகளுக்கு லீவா? நான் மண்டியில லீவு கேட்டா அப்பா தருவாரா?" என்றான் அண்ணன்.

"நீ பத்து மணிக்கு எந்திரிக்கிறே. அதுவே பாதி லீவு" என்றாள் அம்மா.

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை யாரையும் மேல கூட்டியாரக் கூடாது, அம்புட்டுத்தான?" என்றார்.  மோர் ஊற்றிக்கொண்டிருந்த மதினியின் கை ஒரு நொடி நின்றது.

மூலையில் பெஞ்சு போட்ட இடத்தைச் சுற்றி ஒரு மடக்குக் கதவு போட்டோம். கொத்தனாரின் தம்பி தச்சர், அவர்தான் பொருத்தினார். தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கச் சொன்னேன். "உள்ளே யாரும்மா இருக்கப் போறா, திருடனா?" என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்படியொன்றும் சிறப்பாக நடக்கவில்லை. மதினியால் உட்கார முடியவில்லை. நான்கு தடவை அடுப்படிக்கு வந்தார். ஒரு தடவை என் கையிலிருந்து கரண்டியை வாங்கியே விட்டார், அம்மா அதட்டி அனுப்ப வேண்டியிருந்தது. வாசலில் வந்த பக்கத்து வீட்டம்மா, "என்ன, மருமகளுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது அம்மா, "நல்லாத்தான் இருக்கா, தூங்குறா" என்று சொன்னாள். அப்படிச் சொல்ல அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டாவது வாரம் சாப்பாடு ஆனதும் மதினி உள்ளே போய்த் தாழ் போட்டார். குழந்தை கதவைத் தட்டியது, அண்ணன் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் கதவு திறக்கவில்லை. முகத்தில் பாயின் கோடுகளோடு வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "மணி என்ன?" என்று கேட்டார். அவ்வளவு நிம்மதியான முகத்தை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். என் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று கவலையாக இருந்தது. மதினி கடிதம் எழுதினார். அம்மாவும் அண்ணனும் சேர்ந்து சமைக்கிறார்களாம், அண்ணன் வைக்கிற சாம்பாரை அப்பா வாய் திறக்காமல் சாப்பிடுகிறாராம். நான்கு பக்கக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை எழுதியதாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நகல் எடுப்பதோடு நிற்காமல் சொந்தமாகவும் வீடுகளுக்குப் படம் போடுகிறேன். திறந்த கூடமும் மடக்குக் கதவும் இன்றும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் வீட்டுக்காரர் என்ன வேண்டுமென்று சொல்லி முடித்த பிறகும் நான் பென்சிலை எடுப்பதில்லை. "எனக்கென்ன, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிற ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். அவர் எங்கே போய் உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் எந்தச் சுவரை எடுக்கலாம் என்று எனக்குச் சொல்லத் தைரியம் வருகிறது.